சேதாரம் கழித்து

அட்டைக்கு முப்பது.
பல்லடத்தில் ஏற்றிப் பாலக்காட்டில் இறக்குவதற்குள்
நூற்றுக்கு ஒன்று உடையும்.
சேதாரம் என்று எழுதிவிட்டு
அடுத்த வரிக்குப் போய்விடுவார் ஆறுச்சாமி.
எனக்கு அந்தக் கணக்கு
இந்த மூன்று மாதத்தில்தான் பிடிபட்டது.

தூரமான இரண்டாம் நாள் ஊசி தொடங்கியது.
தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி,
இன்று இடம், நாளை வலம்.
மாதத்துக்கு ஒன்று முதிர்கிற இடத்தில்
பத்துப் பன்னிரண்டை ஒரே தடவையில் எழுப்பிவிடும் மருந்து.
ஃப்ரிட்ஜின் கதவில் வேண்டாம் சேச்சி,
உள்தட்டில் வையுங்கள் என்றாள் சிஸ்டர் ஷீபா.
மாவுச் சட்டிக்கும் தயிருக்கும் நடுவே
நாற்பதாயிரம் ரூபாய்.

ஸ்கேன் திரையில் கருப்புக் கருப்பாய்க் குமிழ்கள்.
டாக்டர் மில்லிமீட்டரில் பேசினார்:
பதினாறு, பதினெட்டு, இது பத்தொன்பது.
மலையாளத்தில் அண்டம் என்றார்.
இடப்பக்கம் மட்டும் ஏழு அண்டம்;
எங்கே கொள்ளும் என்று ஒரு நிமிஷம் திகைத்தேன்.

கடைசி ஊசிக்கு மட்டும் மணி தப்பக் கூடாது.
இரவு பத்தரை.
அதிலிருந்து முப்பத்தைந்தாம் மணியில் எடுத்தாக வேண்டும்,
விட்டால் தாமாகவே கிளம்பிவிடும்.
என் கை நடுங்கும், அவர்தான் போட வேண்டும்.
அவருக்கோ அன்றைக்குத்தான் லோடு.
ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு
நானும் வண்டியில் ஏறினேன்.

கோபாலபுரம் செக்போஸ்ட். பறவைக் காய்ச்சல்.
முட்டை வண்டியெல்லாம் ஓரங்கட்டு.
மணி பத்து இருபது.
டார்ச் என் மடியில் விழுந்தது.
"எந்தா இது, கள்ளா?"
தோப்புக்குத் தோப்பு கள்ளிறக்கும் சீமை,
கேட்டவனைக் குற்றம் சொல்ல முடியாது.
அவர் மூடியைத் திறந்து காட்டினார்.
"இதும் முட்டைக்குத்தானுங்க சார்."
சீட்டை வாங்கி மேலும் கீழும் பார்த்தவன்
முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு
டார்ச்சை மட்டும் உள்ளே நீட்டிப் பிடித்தான்.
முதுகுக்குப் பின்னால் முப்பதாயிரம்.
பத்தரைக்கு ஊசி இறங்கியது.

மயக்கம் தெளிந்தபோது பதினொன்று என்றார்கள்.
"அரை அட்டைகூட இல்ல" என்று சிரித்தார்.
பதினொன்றில் முதிர்ந்தது ஒன்பது.
கண்ணாடி ஊசியின் முனையில்
ஒன்றுக்கு ஓர் அணு வீதம் உள்ளே விட்டார்கள்.
மறுநாள் ஃபோன் வந்தது: ஆறு சேர்ந்திருக்கிறது.
முப்பத்தேழு டிகிரிப் பெட்டியில் வைத்திருக்கிறார்களாம்.
கோழிக்கு இன்னும் அரை டிகிரி கூட வேணும் என்றார் இவர்.
ஐந்தாம் நாள் மூன்று.
மற்றது?
வளர்ச்சி நின்றுவிட்டது என்றது குரல்,
யார் மேலும் தப்பில்லை என்றது.
இவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

ஒன்றை வைக்க, இரண்டை உறைய விடக் கையெழுத்து.
படிவம் மலையாளத்தில்;
நான் கொழிஞ்சாம்பாறைத் தமிழ்ப் பள்ளி.
ஷீபா வரிவரியாய்ச் சொன்னாள்:
ஒருவர் இறந்தால். இருவரும் பிரிந்தால்.
வருஷ வாடகை கட்டாவிட்டால்.

மூத்திரம் முட்ட முட்டப் படுத்திருந்தேன்.
மெல்லிய குழாய். திரையில் ஒரு வெள்ளைப் பொட்டு.
அது காற்று, பக்கத்தில்தான் உங்கள் ஆள் என்றார்கள்.
காற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் ரத்தம் எடுத்தார்கள்.
"அஞ்சில் தாழெ" என்றாள் ஷீபா.
இரண்டு மொழியிலும் அஞ்சு அஞ்சுதான்,
பெயர்த்துச் சொல்ல ஒன்றுமில்லை.

சொசைட்டி டாக்டர் மாட்டுக்குத் தூக்கி வருவாரே,
மூடியைத் திறந்தால் புகைகிற கேன்,
அதைப் போல ஒன்றில் இரண்டும் இருக்கின்றன.
வாடகை சித்திரைவரை கட்டியாயிற்று.

லோடோடு அந்த ஆஸ்பத்திரியைத் தாண்டும்போது
இப்போதெல்லாம் ஹாரன் அடிப்பதில்லை.
மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறில்
எதுவும் கேட்காது என்று சொன்னேன்.
தெரியும் என்கிறார்,
இரண்டாம் கியருக்கு இறங்கியபடி.